சொல் பெயர்ந்தது, பொருள் பெயர்ந்ததா?

பல்லக்கு ஒன்று வருகிறது. தோள் கொடுத்துச் சுமப்பவன் கீழே. துயரறியாது ஊர்பவன் மேலே. சுமப்பவன் முதுகிலே வியர்வை. ஊர்பவன் முகத்திலே பூரிப்பு. இக்காட்சியைத் தெருவிலே கண்டோர் பலர், கண்டு கடந்து சென்றனர். வள்ளுவர் கண்டார்; நின்றார்; நினைத்தார்; ஏழு சீர்களில் எழுதியும் வைத்தார். அறன் வலியுறுத்தல் என்னும் நான்காம் அதிகாரத்தின் ஏழாம் பாடலாக, நூலின் முப்பத்தேழாம் குறளாக, அது நிற்கிறது.

அந்தக் குறள் சொல்வது என்ன? கேட்டுப் பாருங்கள், இருவேறு விடை வரும்.

"அறத்தின் பயன் இதுவென்று நூல்காட்டி விளக்க வேண்டுவதில்லை, பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் பார்த்தாலே விளங்கிவிடும்" என்பது ஒரு விடை. முன்னே அறம் செய்தவன் மேலே இருக்கிறான். செய்யாதவன் கீழே இருக்கிறான் என்பது அதன் கருத்து.

"சுமப்பவனுக்கும் ஊர்பவனுக்கும் இடையே நின்றுகொண்டு, 'அறத்தின் வழி இதுதான்' என்று சொல்லாதீர்" என்பது மற்றொரு விடை.

முன்னது பல்லக்குக்கு நியாயம் கற்பிக்கிறது. பின்னது பல்லக்கையே நியாயத்தின் முன் நிறுத்துகிறது. இரண்டும் ஒரே குறளுக்குச் சொல்லப்படும் பொருள்கள்! ஒரே ஓலை, ஒரே எழுத்து, ஒரே சீர். ஆயினும் ஒன்று வடக்கே போகிறது. மற்றொன்று தெற்கே போகிறது.

இதனை உரையாசிரியர் சிலரின் உட்பூசல் என்று ஒதுக்கிவிடலாமா? ஒதுக்கலாகாது. மெய்யியல், வரலாறு, இலக்கியம் என மாந்தரைப் பற்றி எழுந்த கலைகள் அனைத்திற்கும் அடியிலே கிடக்கும் கேள்வி ஒன்று இந்தப் பல்லக்கிலே ஏறி வருகிறது. ஒருவர் நினைத்ததை மற்றொருவர் சொல்லால் சொல்ல முடியுமா? சொல்லும்போது நினைப்பு மாறிவிட்டால், அந்த மாற்றத்துக்குப் பொறுப்பு யார்? மொழிபெயர்ப்பு என்னும் தொழிலுக்குள்ளே ஒளிந்திருக்கும் மெய்யியல் சிக்கல் இதுதான்.

சொல்லுக்குச் சொல் வைத்தால் மொழிபெயர்ப்பு முடிந்தது என்று எண்ணுவோர் உளர். பண்டமாற்றுப் போலவே அதனைக் கருதுகின்றனர்: ஒரு படி நெல்லுக்கு ஒரு படி உப்பு, ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஓர் ஆங்கிலச் சொல். அவர்கள் எண்ணம் எவ்வளவு பிழை என்பதை இந்த ஒரு குறளைக் கொண்டே ஆராய்வோம்.

இரண்டு சொற்கள் படுத்திய பாடு

குறளின் முடிச்சு இரண்டு சொற்களில் இருக்கிறது. ஒன்று 'ஆறு', மற்றொன்று 'வேண்டா'.

'ஆறு' என்றால் வழி, நெறி. தமிழ் படித்த சிறுவனும் அறிவான். ஆனால் பரிமேலழகர் இவ்விடத்தில் 'ஆறு' என்பதற்குப் பயன் என்று பொருள் கொள்கிறார். பயன் பின்னால் வருவதாதலின் அது ஆறு எனப்பட்டது என்று காரணமும் காட்டுகிறார். 'வேண்டா' என்பது 'தேவையில்லை' என்றும் பொருள்படும். 'கூடாது' என்றும் பொருள்படும். பரிமேலழகர் முன்னதைக் கொள்கிறார். கொண்டதோடு நிற்கவில்லை. ஆகம அளவையால் உணர்த்த வேண்டா, காட்சி அளவையாலேயே உணரப்படும் என்று விரிக்கிறார். ஆகம அளவையும் காட்சி அளவையும் குறளிலே இல்லை. அவை வடமொழி அளவை நூலாரின் அளவைகள். உரையிலே வந்து குடியேறிய விருந்தினர் அவர்கள், நாளடைவில் வீட்டுக்காரராகிவிட்டார்கள்!

பரிமேலழகரின் புலமையைக் குறைத்துக் கூறுவது நம் கருத்தன்று. அவர் உரை இல்லாவிடில் பல குறள்களின் நயம் நமக்குக் கிட்டாமலே போயிருக்கும். இந்தக் குறளிலும் அவர் பக்கம் வலுவில்லை என்று சொல்லிவிட முடியாது. அதிகாரமோ அறத்தை வலியுறுத்துவது. முன்னும் பின்னும் நிற்கும் குறள்கள் அறம் தரும் நன்மையைப் பேசுகின்றன. அடுத்த குறள், வாழ்நாள் திரும்பி வரும் வழியை அறம் அடைத்துவிடும் என்கிறது. இடம் நோக்கிப் பொருள் கொள்வது உரைமரபு. அந்த மரபில் நின்றே அவர் உரைத்தார்.

ஆயின், அவர் வெறுங்கையோடு குறளிடம் வரவில்லை என்பதையும் மறத்தலாகாது. உரைப்பாயிரத்திலேயே, அறமாவது மனு முதலிய நூல்கள் விதித்தவற்றைச் செய்தலும் அவை விலக்கியவற்றை ஒழிதலும் என்று வரையறுத்துவிடுகிறார். அவ்வறம் ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூவகை என்கிறார். ஒழுக்கமோ, அந்தணர் முதலிய வருணத்தார் தத்தமக்கு விதித்த நிலைகளில் நின்று வழுவாது நடத்தல் என்கிறார். வாயிலிலேயே வாசகம் எழுதியாயிற்று. பிறகு உள்ளே நுழைவோர் எதைக் காண்பர்? எழுதியதைத்தான் காண்பர்!

ரோமன் யாக்கப்சன் என்னும் மொழியறிஞர் 1959-ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையொன்றில் மொழிபெயர்ப்பை மூன்றாக வகுத்தார். ஒரு மொழியிலிருந்து மறுமொழிக்குப் பெயர்ப்பது ஒன்று. மொழியிலிருந்து ஓவியம், இசை போன்ற வேறு குறிகளுக்குப் பெயர்ப்பது ஒன்று. ஒரே மொழிக்குள்ளேயே ஒரு சொல்லை வேறு சொற்களால் பெயர்ப்பது ஒன்று. இந்த மூன்றாவதைத்தான் நம் நாட்டில் உரை என்கிறோம். ஆகவே வள்ளுவர் கடல் கடப்பதற்கு முன்பே, தமிழுக்குள்ளேயே ஒருமுறை மொழிபெயர்க்கப்பட்டுவிட்டார். அறம் என்னும் தமிழ்ச் சொல், தமிழ் எழுத்திலேயே, தருமம் என்னும் வேறு பொருளுக்குப் பெயர்க்கப்பட்டுவிட்டது. அயல்மொழிப் பெயர்ப்பைக் காட்டிலும் இது கடினமானது. அயல்மொழியில் சொல் மாறுவதைக் கண் காண்கிறது. தன்மொழியில் சொல் மாறவில்லை. பொருள் மட்டும் மாறுகிறது. அதனைக் காண்பதற்குக் கண் போதாது, கருத்து வேண்டும்.

கடல் கடந்த குறள்

இனிக் கடல் கடப்போம். வீரமாமுனிவர் 1730-ஆம் ஆண்டளவில் குறளை இலத்தீனில் பெயர்த்தார். அறத்துப்பாலும் பொருட்பாலும் பெயர்ந்தன. இன்பத்துப்பால் பெயரவில்லை, விட்டுவிட்டார். ஒன்றைப் பெயர்க்காமல் விடுவதும் ஒரு பெயர்ப்புத்தான். அந்த இலத்தீனை மட்டும் கண்ட ஐரோப்பியர் மனத்தில் வள்ளுவர் எப்படித் தோன்றியிருப்பார்? அறநூல் சொல்லும் ஆசானாகத் தோன்றியிருப்பார். காதலின் ஊடலையும் கூடலையும் கண்டு களித்த கவிஞராகத் தோன்றியிருக்க மாட்டார்.

ட்ரூ என்னும் பாதிரியார் 1840-ஆம் ஆண்டு சென்னையில் குறளின் முதற்பகுதியை ஆங்கிலமாக்கி வெளியிட்டார். அந்தப் பதிப்பிலே பரிமேலழகர் உரையும் இருந்தது. அவ்வுரைக்கு இராமானுச கவிராயர் எழுதிய விளக்கமும் இருந்தது. பல்லக்குக் குறளுக்கு ட்ரூ தந்த ஆங்கிலத்திலே அறத்தின் 'பயன்' வருகிறது. அதனை 'நூல்களில்' விளக்க வேண்டுவதில்லை என்றும் வருகிறது. பயனும் நூலும் வள்ளுவர் வாக்கிலே இல்லை. அவை உரையாசிரியர் வாக்கு. வள்ளுவரைப் பெயர்ப்பதாக எண்ணிக்கொண்டு ட்ரூ பரிமேலழகரைப் பெயர்த்தார். ஆங்கிலம் மட்டும் அறிந்தவன் அதனை எப்படிக் கண்டுகொள்வான்? அவன் கையில் உள்ள ஏட்டில் எது நூல், எது உரை என்ற எல்லைக் கல் இல்லையே!

ஜி. யு. போப் 1839-ஆம் ஆண்டு, பத்தொன்பது வயது இளைஞராகத் தமிழகம் வந்தார். வாழ்நாள் முழுவதும் தமிழுக்கு உழைத்தார். 1886-ஆம் ஆண்டு குறள் முழுவதையும் ஆங்கிலச் செய்யுளாக்கி அளித்தார். அன்னார் தொண்டுக்குத் தமிழுலகம் தலைவணங்கும். எனினும் பல்லக்குக் குறளிலே அவரும் அறத்தின் 'பயன்' என்றே பாடுகிறார். 1916-ஆம் ஆண்டு குறளை ஆங்கிலத்தில் தந்த வ. வே. சு. ஐயரும் அதே வழியில்தான் செல்கிறார். ஒருவர் பின் ஒருவராகப் பல்லக்கைத் தூக்கினர்; உள்ளே அமர்ந்திருப்பவர் வள்ளுவரா, உரையாசிரியரா என்று திரையை விலக்கிப் பார்க்கத் தவறினர்.

இதனால் விளைந்தது என்ன? நூலகங்களில் இவ்வேடுகள் அடுக்கப்படுகின்றன. கல்லூரிகளில் கற்பிக்கப்படுகின்றன. பண்டைத் தமிழர் ஏற்றத்தாழ்வைப் பற்றி என்ன நினைத்தனர் என்று ஆராயும் அறிஞன், தமிழறியாதவன், இந்த ஏட்டைப் புரட்டுகிறான். "பல்லக்கைச் சுமப்பவன் தன் வினையைச் சுமக்கிறான் என்பதே தமிழர் கொள்கை" என்று குறித்துக்கொள்கிறான். அவன் குறிப்பு நூலாகிறது, நூல் சான்றாகிறது, சான்று வரலாறாகிறது. ஒரு சொல்லில் நுழைந்த பிழை ஓர் இனத்தின் எண்ணத்தைப் பற்றிய தீர்ப்பாகிவிடுகிறது.

ஒரு சொல், ஓராயிரம் வேலை

ஆங்கிலத்தில் அறத்துப்பாலுக்கு 'வெர்ச்சு' என்று தலைப்பிட்டனர். நற்குணம் என்பது அதன் பொருள். அறம் நற்குணம்தானா? தமிழன் அச்சொல்லை எங்கெங்கே ஆள்கிறான் என்று பாருங்கள்.

வழக்கைத் தீர்க்கும் மன்றத்தை அறங்கூறவையம் என்றனர் பழந்தமிழர். அங்கே அறம் நீதி. பிறர்க்கு ஈவதற்கென ஒதுக்கிய பொருளை அறக்கட்டளை என்கிறோம். இங்கே அறம் கொடை. முறை தவறாத போரை அறப்போர் என்கிறோம். அங்கே அறம் முறை. புலவன் வயிறெரிந்து பாடினால் கேட்டவன் அழிவான் என்று நம்பி, அதனை அறம் பாடுதல் என்றனர். நந்திவர்மன் கதை அப்படித்தான் வழங்குகிறது. அங்கே அறம், அநீதியைச் சுடும் நெருப்பு. அகப்பொருளிலோ, தலைவியின் காதலைத் தோழியோ செவிலியோ பெற்றோர்க்கு வெளிப்படுத்துவதை அறத்தொடு நிற்றல் என்றனர். ஒரு பெண் தன் உள்ளம் கவர்ந்தவனையே மணக்க வேண்டும். அதற்காக உண்மையை எடுத்துரைப்பதே அறம்!

நீதி, கொடை, முறை, நெருப்பு, காதலின் உண்மை. இத்தனையையும் ஒரு சொல் தாங்குகிறது. நற்குணம் என்னும் அயற்சொல் இவற்றுள் எதனைத் தாங்கும்? 'நற்குணத்தோடு நிற்றல்' என்று பெயர்த்தால் தோழி என்ன செய்தாள் என்பது எவர்க்காவது விளங்குமா? தருமம் என்று பெயர்த்தாலோ வேறொரு தொல்லை. அச்சொல்லுக்கு வடமொழியில் நீண்ட வரலாறு. தமிழ்த் தெருவிலோ அது பிச்சைப் பாத்திரத்தில் விழும் காசு.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த இடர் அன்று. 1958-ஆம் ஆண்டு, ஆப்கானித்தானத்துக் காந்தகாரில், பாறையில் பொறித்த அசோகனின் ஆணை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிரேக்கம், அரமேயம் என இருமொழியில் அமைந்தது. அசோகன் மற்றக் கல்வெட்டுகளில் 'தம்மம்' என்று எழுதிய இடத்திலே, கிரேக்கத்தில் 'யூசெபெயா' என்று நிற்கிறது. கடவுளரிடத்தும் பெரியோரிடத்தும் காட்டும் பயபக்தியைக் குறிப்பது அச்சொல். அரமேயத்திலோ உண்மை என்னும் பொருளுடைய சொல் நிற்கிறது. அடிமையிடத்தும் பணியாளரிடத்தும் பரிவு, பெற்றோர்க்குப் பணிவு, உயிர்க்கொலை தவிர்த்தல் என அசோகன் தம்மத்தை விரித்தவன். கிரேக்கன் பக்தியைக் கேட்டான். அரமேயன் உண்மையைக் கேட்டான். பிராகிருதம் பேசியவன் தம்மத்தைக் கேட்டான். ஒரே அரசன், ஒரே ஆணை, மூன்று செவிகளில் மூன்று ஒலிகள்.

அன்று பாறையில் தொடங்கிய சிக்கல் அண்மைக் காலத்தில் அரசியல் சட்டத்திலும் எட்டிப் பார்த்தது. 1976-ஆம் ஆண்டு 42-ஆவது திருத்தத்தால் இந்திய அரசியல் சட்டத்தின் முகப்புரையில் 'செக்யுலர்' என்னும் சொல் சேர்ந்தது. அதனை இந்தியில் எப்படிச் சொல்வது? வழக்கில் இருந்த 'தர்ம நிரபேட்ச' என்பதை முகப்புரையின் இந்தி வடிவம் கொள்ளவில்லை. 'பந்த் நிரபேட்ச' என்றது. முன்னது தருமத்தைச் சாராமை. பின்னது சமய நெறி எதனையும் சாராமை. தருமம் என்றால் மதமா, நியாயமா என்பது தீராததால் வந்த தேர்வு இது. அரசு மதத்தைச் சாராது நிற்கலாம். நியாயத்தைச் சாராது நிற்கலாமோ? ஒரு சொல்லைத் தேர்வது அகராதி வேலை என்று இனியும் எவரேனும் சொல்வாரா?

முயலும் பல்லக்கும்

மேனாட்டு மெய்யியலார் இச்சிக்கலை எவ்வாறு நோக்கினர் என்பதையும் காண்போம். 1960-ஆம் ஆண்டு இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று அமெரிக்க நாட்டுக் குவைன் எழுதிய 'சொல்லும் பொருளும்'. மற்றொன்று செருமானிய நாட்டுக் காடமர் எழுதிய 'மெய்ம்மையும் முறையும்'.

குவைன் ஒரு கதை கட்டினார். முன்பின் அறியாத மொழி பேசும் ஊருக்கு ஓர் அறிஞன் செல்கிறான். முயல் ஒன்று ஓடுகிறது. ஊரான் 'கவகாய்' என்கிறான். அறிஞன் 'முயல்' என்று குறித்துக்கொள்கிறான். ஆனால் ஊரான் சொன்னது முயலையா? பிரியாத முயலுறுப்புகளின் தொகுதியையா? முயலின் ஒரு கணத் தோற்றத்தையா? எதைச் சொல்லியிருந்தாலும் ஓடியது என்னவோ ஒன்றுதான். கண்ட சான்றுகள் அனைத்துக்கும் பொருந்தும்படி, தம்முள் மாறுபட்ட இரண்டு அகராதிகளை எழுதிவிடலாம். எது சரி என்று தீர்ப்பதற்கு ஒரு மெய்ச்செய்தியும் இல்லை என்றார் குவைன்.

நம் பல்லக்குக் குறளும் அந்த முயலைப் போன்றதே. சொற்கள் இரண்டு பொருளுக்கும் இடம் தருகின்றன. இலக்கணம் எதனையும் முழுதாக மறுக்கவில்லை. எனில், குவைனோடு சேர்ந்து நாமும் கைவிரித்துவிடலாமா? "இரண்டும் சரி, அவரவர் விருப்பம்" என்று சொல்லிவிடலாமா?

சொல்லலாகாது. முயல் என்றாலும் முயலுறுப்பு என்றாலும் முயலுக்கு நட்டமில்லை. பல்லக்கில் அப்படியன்று. அங்கே தோள் ஒன்று நோகிறது. அந்த நோவு அவனுடைய வினை என்கிறது ஓர் அகராதி. அந்த நோவை அறத்தின் பேரால் மூடாதே என்கிறது மற்றோர் அகராதி. இவ்விடத்தில் தீர்ப்புச் சொல்லாமல் நழுவுவதும் ஒரு தீர்ப்பே. அது வழக்கமாக மேலே இருப்பவனுக்குத்தான் உதவும்.

காடமர் சொன்னது நமக்கு வழி காட்டுகிறது. மொழிபெயர்ப்பு எல்லாம் பொருள்விளக்கமே என்றார் அவர். பகுதியைக் கொண்டு முழுமையையும், முழுமையைக் கொண்டு பகுதியையும் மீண்டும் மீண்டும் அறிந்தாக வேண்டும் என்னும் பழைய நெறியை வலியுறுத்தினார். குறளை ஒரு குறளாக மட்டும் நிறுத்தாமல் நூலோடு நிறுத்திப் பார்ப்போம். அதே அதிகாரத்திலே, மனத்தில் மாசு இல்லாதிருப்பதே அறம் அனைத்தும் என்கிறார் வள்ளுவர். பொறாமை, ஆசை, சினம், கடுஞ்சொல் ஆகிய நான்கையும் விலக்கி நடப்பதே அறம் என்கிறார். விதி நூலும் இல்லை; வருணப் பிரிவும் இல்லை. பெருமை பற்றிய அதிகாரத்திலே, பிறப்பினால் எல்லா உயிரும் ஒப்பு. செய்தொழில் வேறுபாட்டால்தான் சிறப்பு வேறுபடும் என்கிறார். இரவச்சத்திலே, ஒருவன் பிச்சை எடுத்துத்தான் உயிர்வாழ வேண்டுமெனின் இவ்வுலகைப் படைத்தவனும் அவ்வாறே அலைந்து கெடுக என்று சீறுகிறார். இரப்பவனைக் கண்டு படைத்தவனையே சபித்தவர், சுமப்பவனைக் கண்டு "உன் முன்வினை, உனக்கு வேண்டும்" என்றா சொல்லியிருப்பார்?

வள்ளுவர்க்கு முன்னும் தமிழில் ஒரு குரல் உண்டு. ஆய் என்னும் வள்ளலை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்றிலே பாடுகிறார். இப்பிறவியில் செய்தது மறுபிறவிக்கு உதவும் என்று கணக்கிட்டு அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் ஆய். சான்றோர் சென்ற நெறியில் செல்பவன் என்பது பாட்டின் கருத்து. மறுமைப் பயனுக்காகச் செய்வது அறமன்று, வாணிகம் என்று கருதிய மரபு தமிழிலே இருந்தது. அந்த மரபை ஒருபுறம் வைத்துவிட்டு, பயனையே அறத்துக்கு அளவுகோலாக்கிக் குறளைப் படிக்க வேண்டிய கட்டாயம் என்ன?

நேர்மை கருதி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே வள்ளுவர் அறத்துப்பாலின் இறுதியில் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர், எழுபிறப்பைப் பேசியவர். ஆதலின் பரிமேலழகர் கொண்ட பொருள் நூலுக்கு முற்றிலும் புறம்பானது என்று சாதிக்க நாம் முற்படவில்லை. நூல் முழுவதையும் நிறுத்துப் பார்க்கையில் தட்டு இரண்டாம் பொருளின் பக்கம் தாழ்கிறது என்பதே நம் முடிபு. முடிபை மாற்றத்தக்க சான்றை எவர் தரினும் ஏற்போம். ஆனால், இரண்டாம் பொருள் ஒன்று உண்டு என்பதையே மறைத்த மொழிபெயர்ப்பை ஏற்க மாட்டோம்.

இனிச் செய்யத்தக்கது

மொழிபெயர்ப்பு என்பதே ஆகாத காரியம் என்று சலித்துக்கொள்வோரும் உளர். அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1908-ஆம் ஆண்டு உருசிய அறிஞர் தால்சுதாய் 'ஓர் இந்துவுக்குக் கடிதம்' எழுதியபோது குறளை எடுத்துக்காட்டினார். அவர் தமிழ் அறியாதவர். மொழிபெயர்ப்பு இல்லையேல் இன்னா செய்யாமை அவர் செவிக்கு எட்டியிருக்குமா? நம் தொல்காப்பியமும் வழிநூலின் வகை நான்கனுள் ஒன்றாக மொழிபெயர்ப்புக்கு இடம் தந்தது. நெறிப்படச் செய்க என்ற கட்டளையோடு தந்தது. நெறி இன்றேல் வழிநூலும் இல்லை.

அந்த நெறி யாது? 1813-ஆம் ஆண்டு பெர்லின் கழகத்தில் உரையாற்றிய சுலையர்மாகர் இரண்டே வழி உண்டென்றார். ஆசிரியனை இருந்த இடத்தில் விட்டுப் படிப்பவனை அவனிடம் கொண்டு செல்லலாம். படிப்பவனை இருந்த இடத்தில் விட்டு ஆசிரியனை அவனிடம் கொண்டு வரலாம். 'வெர்ச்சு' என்றவர்கள் வள்ளுவரை ஆங்கிலேயர் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டு வந்தனர். விருந்தினரைக் கூடத்து நாற்காலிக்கு ஏற்றபடி வெட்டிச் சுருக்கியும் விட்டனர். இனி ஆங்கிலேயரை வள்ளுவரின் முற்றத்துக்கு அழைத்து வரவேண்டும்.

அதற்கு முதற்படி, அறம் என்னும் சொல்லை அறமாகவே நிறுத்துவது. 'லோகாசு', 'கர்மா', 'தாவோ' என்னும் சொற்கள் ஆங்கில ஏடுகளிலே தம் பெயரோடு உலவவில்லையா? அறத்துக்கு மட்டும் ஏன் மாற்றுப் பெயர்? இடத்துக்கு இடம் அது கொள்ளும் பொருளை அடியிலே விளக்கட்டும். சொல் தன் முகத்தோடு நிற்கட்டும். இரண்டாம் படி, நூலுக்கும் உரைக்கும் இடையே எல்லைக் கல் நாட்டுவது. உரையாசிரியர் சேர்த்த சொல் இதுவென்று மொழிபெயர்ப்பாளர் காட்ட வேண்டும். மூன்றாம் படி, இருபொருள் நிற்கும் இடத்தில் இரண்டையும் தந்து, தாம் ஒன்றைத் தேர்ந்ததன் காரணத்தைச் சொல்வது. 2004-ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டில் பார்பரா காசென் தலைமையில் பெயர்க்கவியலாச் சொற்களின் அகராதி ஒன்று வெளிவந்தது. ஐரோப்பிய மெய்யியற் சொற்களை நடுவாகக் கொண்டது அது. பெயர்க்கவியலாச் சொல் என்பது பெயர்க்க முடியாது என்று கைவிட்ட சொல் அன்று. பெயர்த்துப் பெயர்த்தும் தீராத சொல் என்றார் அவர். தமிழின் அறம், ஊழ், வீடு, திணை முதலிய சொற்களுக்கும் அத்தகைய ஏடு ஒன்று வேண்டும்.

இவ்வளவும் பிறர்க்குச் சொல்லும்போது நம்மை நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும். மேனாட்டு மெய்யியலைத் தமிழில் தரும் நாம் என்ன செய்கிறோம்? 'யூசெபெயா'வைப் பக்தி என்றும், 'அரெத்தே'யை அறம் என்றும் ஒரே மூச்சில் எழுதிவிட்டு, கிரேக்கரும் நம்மவரே என்று மகிழ்ந்துவிடவில்லையா? வள்ளுவருக்கு இழைத்த பிழையைப் பிளேட்டோவுக்கு நாம் இழைத்தால் அது மட்டும் நியாயமாகிவிடாது. நேர்மை என்பது ஒருவழிப் பாதையன்று. தமிழிலிருந்து போகும் ஏட்டுக்கும் தமிழுக்கு வரும் ஏட்டுக்கும் அது ஒன்றே.

பல்லக்குகள் தெருவை விட்டு மறைந்துவிட்டன. சுமப்பவர் மறைந்துவிடவில்லை. அவர்களைப் பார்த்து, "உங்கள் நிலைக்கு உங்கள் பெரும்புலவரே காரணம் கூறியிருக்கிறார்" என்று, ஒரு மொழிபெயர்ப்பைக் காட்டி எவரேனும் சொன்னால், அந்த ஏட்டை வாங்கிப் பார்ப்போம். அது வள்ளுவர் சொல்லா, வள்ளுவர் மேல் ஏற்றிய சொல்லா என்று கேட்போம். கேட்கும் துணிவையும், கேட்டதற்கு விடை தேடும் கல்வியையும் நம் இளைஞர்க்கு அளிப்போம்.